தோப்பை விற்காதீர்கள், செட்டிக்கரையில் சேருங்கள்

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்திலிருந்து ஓர் அம்மா, மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளி. கட்-ஆஃப் 163. பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தாய்மாமன் அங்கேயே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். முன்பணம் கட்ட வேண்டுமென்றால் மாந்தோப்பில் பாதியை விற்றாக வேண்டும். மகளோ, "சாட்டிலைட் பத்தி ஆராய்ச்சி பண்ணணும், அப்புறம் காலேஜ்ல பாடம் எடுக்கணும்" என்கிறாள். "வாத்தியார் வேலைக்கு யாராவது பதினோரு வருஷம் படிப்பாங்களா?" என்று மாமா ஃபோனிலேயே கேட்டார். அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

அம்மா, நேரில் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உங்கள் தம்பியும் படிக்கட்டும். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் பணம். தோப்பை விற்க வேண்டாம், செட்டிக்கரையிலுள்ள தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரி மாதிரி ஓர் இடமே போதும். இதில் மறுபேச்சுக்கே இடமில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சீட் எடுத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகள் கணக்குக்கே வரும். தம்பி பேசி வைத்திருக்கும் மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கட்டணச் சலுகை கிடையாது. கையில் வந்த சலுகையை உதறிவிட்டு, காய்க்கிற மரத்தை விற்றுப் பணம் கட்டுவதை எந்தக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கெட்ட படிப்பு இல்லை. ஆனால் இந்தப் பெண் அதைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கேட்டது தம்பி ஒருவர்தான்.

அடுத்தது அவளுடைய நாட்டம். உங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், அதுவும் ஒரு குறையாக. சாட்டிலைட்டைச் சுற்றித் தங்கத்தாள் மாதிரி எதற்குச் சுற்றுகிறார்கள் என்று நான் அவளிடம் கேட்டேன். தெரியாது என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "அங்க காத்தே இல்லையே சார், சூடு எப்படி வெளிய போகும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். சரியான கேள்வி அது. காற்று இல்லாததால் விண்கலத்தின் சூடு கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். வெயில் படும் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும். அந்தத் தாள் தங்கமே இல்லை. அலுமினியம் பூசிய பாலிஇமைடு என்ற மஞ்சள் நிறப் படலம். அதைப் பல அடுக்காகப் போர்த்தித்தான் உள்ளே இருக்கும் கருவிகளைக் காப்பாற்றுகிறார்கள். பதில் தெரியாதபோது கூச்சப்படாமல் அடுத்த கேள்வியைக் கேட்கிற பிள்ளைகளை இந்த நாற்காலியில் நான் அதிகம் பார்ப்பதில்லை.

அவள் சொல்லும் துறைக்கு விண்வெளி அமைப்புப் பொறியியல் என்று பெயர். ராக்கெட் எஞ்சினை மட்டுமோ கேமராவை மட்டுமோ செய்வது இல்லை இது. மின்சாரம், வெப்பம், ரேடியோ, சட்டகம், மென்பொருள் எல்லாம் ஒரே கலத்துக்குள் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்ந்து ஓடுவதற்குக் கணக்குப் போடுவது. நம் ஊர்ப் பையன்கள் லேத் வேலைக்குப் போகிறார்களே பெங்களூரு பீன்யா, அங்கே இருந்த தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான் ஆரியபட்டாவைச் செய்தார்கள். இந்தியாவின் முதல் செயற்கைக்கோள், 360 கிலோ, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் போனது. சில நாட்களிலேயே மின்வழங்கலில் கோளாறு வந்து அறிவியல் கருவிகள் நின்றுவிட்டன. கருவிகளில் குற்றமில்லை, அவற்றுக்குச் சோறு போட்ட பகுதி படுத்துவிட்டது. ஒரு மூலையில் வரும் கோளாறு மொத்தத்தையும் எப்படி நிறுத்தும் என்பதை முன்கூட்டியே யோசிப்பதுதான் இந்தத் துறையின் வேலை.

இதைக் கல்லூரியில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 1999-ல் அமெரிக்காவில் பாப் ட்விக்ஸ், ஜோர்டி புவிக்-சுவாரி என்ற இரண்டு பேராசிரியர்கள், மாணவர்கள் படிப்பு முடிவதற்குள் ஒரு செயற்கைக்கோளைச் செய்து பார்க்கட்டும் என்று கியூப்சாட் என்ற அளவை வகுத்தார்கள். ஒரு பக்கம் பத்து சென்டிமீட்டர் உள்ள பெட்டி. இன்று உலகம் முழுக்க கம்பெனிகளும் அதையே பின்பற்றுகின்றன. வகுப்பறைக்காகப் பிறந்த சாமான் அது.

அதன் மின்கணக்கை மகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூமிக்கு அருகே ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் சுமார் 1,361 வாட். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் முகத்தில் 13 வாட் சொச்சம். பலகை முழுக்க சூரிய மின்செல் ஒட்ட முடியாது. நல்ல விண்வெளி செல்லே வெயிலில் கிட்டத்தட்ட முப்பது சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கும். ஆக, வெயிலை நேரே பார்க்கும்போது இரண்டு, இரண்டரை வாட். 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு சுமார் 95 நிமிடம், அதில் 35 நிமிடம் வரை பூமியின் நிழல். சராசரி ஒன்றரை வாட் கிடைத்தால் பெரிய காரியம். வீட்டில் எரியும் எல்.இ.டி. பல்பே ஒன்பது வாட். இந்த ஒன்றரை வாட்டில் கணினி ஓட வேண்டும், ரேடியோ பேச வேண்டும், கலம் திரும்ப வேண்டும், நிழலுக்காக பேட்டரியில் மிச்சமும் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவும் கூடுதலாகக் கேட்கும். யாருக்கு எவ்வளவு, எந்த நிமிடத்தில் யார் அணைந்திருக்க வேண்டும் என்று பஞ்சாயத்துச் செய்கிறவர்தான் அமைப்புப் பொறியாளர். அந்தப் பஞ்சாயத்தை இருபது வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர் பேராசிரியர். மாமா சொன்ன வாத்தியார் வேலை இதுதான்.

சிறிய ஊர்க் கல்லூரியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டம், செயற்கைக்கோளை இறக்கிவிட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். அதை வீணாக்காமல், மற்றவர்களின் சோதனைக் கருவிகளைப் பொருத்தும் மேடையாக மாற்றியிருக்கிறது இஸ்ரோ. போயம் என்று பெயர். 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60-இல் போன போயம்-4-இல் 24 கருவிகள். அவற்றில் ஒன்று சிக்கபள்ளாப்பூர் எஸ்.ஜே.சி. பொறியியல் கல்லூரி மாணவர்கள் செய்த அமெச்சூர் ரேடியோ கருவி. பெங்களூரை அடுத்த சிக்கபள்ளாப்பூரும் தர்மபுரி மாதிரி ஒரு மாவட்டத் தலைநகர்தான். அதே 2024 ஜனவரி முதல் தேதி போன போயம்-3-இல், திருவனந்தபுரம் எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகள் செய்த புறஊதாக் கதிர் அளக்கும் கருவி இருந்தது. செட்டிக்கரையிலிருந்து இதுவரை எதுவும் போகாவிட்டால் என்ன, அனுப்பச் சொல்லிக் கேட்கிற ஆள் அங்கே சேரட்டுமே.

ஐ.ஐ.டி., திருவனந்தபுரம் பக்கத்து வலியமலை விண்வெளிக் கழகம் என்று எல்லாரும் சொல்லும் பி.டெக். வழிகளுக்குள் நான் போகவில்லை. மகள் அந்த நுழைவுத் தேர்வுகளை எழுதவில்லை, அதற்காக ஒரு வருஷத்தை கோச்சிங் சென்டரில் கழிக்கவும் வேண்டாம். கவுன்சலிங் விருப்பப் பட்டியலில் முதலில் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யைப் போடுங்கள், கிடைத்தால் கிடைக்கட்டும். அடுத்து பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, செட்டிக்கரையிலுள்ள தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரி. பிரிவு இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) அல்லது மெக்கானிக்கல். பெயரில் ஏரோஸ்பேஸ் இருக்கிறது என்பதற்காக லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்காதீர்கள். முதுகலையில் ஏரோஸ்பேஸ் துறைகள் மெக்கானிக்கல், இ.சி.இ. பிள்ளைகளையும் எடுத்துக்கொள்கின்றன. இளங்கலை அடிப்படையாக இருந்தால் இடையில் மனசு மாறினாலும் ஓசூர் கம்பெனிகளில் வேலைக்குப் போகலாம்.

மூன்றாம் ஆண்டிலிருந்து, எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வுக்குப் படிக்க வேண்டும். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி. மெட்ராஸ், வலியமலை என எங்கே எம்.டெக். கிடைத்தாலும் கேட் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. மத்திய அரசு எம்.டெக். மாணவர்களுக்குக் கொடுப்பது மாதம் 12,400 ரூபாய். அதற்குப் பிறகு பி.எச்டி. இளநிலை ஆய்வாளருக்கு முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள விகிதம். ஆக மாமா சொன்ன பதினோரு வருஷத்தில் கடைசி ஏழு வருஷம் அவள் கையில் பணம் வாங்கிக்கொண்டு படிக்கிறாள். சொந்தக் காசு கட்டி முழுநேர பி.எச்டி. சேர்வது என்ற பேச்சையே எடுக்காதீர்கள். உதவித்தொகை இல்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

கசப்பான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் கல்லூரி ஆசிரியருக்கு நெட் என்ற தகுதித் தேர்வு தேவையில்லை, நல்லதுதான். ஆனால் பல தனியார் கல்லூரிகளில் சம்பளம் பேருக்குத்தான், அட்மிஷன் பிடிக்கவும் அனுப்புவார்கள். ஐ.ஐ.டி. உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 1,01,500, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. விகிதத்தில் 57,700. இந்த நிரந்தர இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, போட்டி கடுமை. பி.எச்டி. முடித்த பிறகும் இரண்டு மூன்று வருஷம் தற்காலிக ஆய்வுப் பணியில் இருக்க வேண்டி வரலாம். இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் கல்லூரிகளின் ஆய்வுக்குப் பணம் கொடுக்கிறது, தனியார் விண்வெளி கம்பெனிகளும் பெங்களூரிலும் சென்னையிலும் ஆள் எடுக்கின்றன. அதனால் இடைப்பட்ட காலம் வெறுமையாக இருக்காது. ஆனால் ஒரே சிக்கலோடு மாதக்கணக்கில் உட்கார முடியாத ஆளுக்கு இந்த வழி ஆகாது. உட்கார முடியுமா என்பதை மகள்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ இல்லை.

பல்கலைக்கழக வேலை என்றால் ஒதுங்கிய வேலை என்று மாமா நினைப்பதற்கு ஒரே பதில்: சதீஷ் தவான். 1972 முதல் 1984 வரை இஸ்ரோவின் தலைவர். அதில் 1981 வரை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரும் அவரேதான். கழகத்தை விடாமல்தான் இஸ்ரோவை நடத்தினார்.

இருபத்து மூன்று வயதில் கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வருவார்கள். அப்போது, படிப்பை நிறுத்தச் சொல்லும் வீடு நமக்கு வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடியுமா? நேரில் கேட்டபோது நீங்கள் பதில் சொல்லவில்லை. மகளின் அப்பாவோடு உட்கார்ந்து இதை இப்போதே பேசி முடியுங்கள், ஐந்தாறு வருஷம் கழித்து அல்ல.

கடைசியாக ஒன்று, இது மகளுக்கு. பி.எச்டி. இடம் கிடைக்கும்போது கல்லூரிப் பெயரைப் பார்த்து மயங்காதே கண்ணு. அந்த வழிகாட்டியிடம் முன்பு படித்த இரண்டு பேரையாவது தேடிப்பிடித்துப் பேசு. முடிக்க எத்தனை வருஷம் ஆனது, கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது, உதவித்தொகை மாதாமாதம் வந்ததா, இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த வழிகாட்டியைத் தேடு.