ஓடும் முன் கொய்யாவா, வாழைப்பழமா?

கேள்வி: மதுரை கே.புதூரில் இருக்கிறேன். வயது 27, எடை 65 கிலோ. தினமும் விடிகாலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் முக்கால் மணி நேரம் ஓடுகிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஜிம். ஓடும் முன் இரண்டு கொய்யாப்பழம் சாப்பிட்டால் பாதியிலேயே வயிற்றைப் பிடிக்கிறது. ஜிம் முடிந்ததும் பழ ஜூஸ் மட்டும்தான். தொடை வலி இரண்டு மூன்று நாள் விடுவதில்லை. எந்தப் பழத்தை எப்போது சாப்பிட வேண்டும்?

பதில்: கொய்யாவில் குறையில்லை, சாப்பிடும் நேரம்தான் சரியில்லை. 100 கிராம் கொய்யாவில் நார்ச்சத்தே 5 கிராமுக்கு மேல். நடுத்தர அளவில் இரண்டு தின்றால் 15 கிராம் சேர்ந்துவிடும். அது வயிற்றைவிட்டு இறங்க நேரம் பிடிக்கும். ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கால் தசைகளுக்குத் திரும்புவதால் செரிமானமும் மந்தமாகிவிடும். கொய்யாவை மத்தியானத்துக்கு மாற்றுங்கள். அதிலேயே அன்றைய வைட்டமின் சி தேவைக்கு மேல் கிடைத்துவிடும், தனியாக மாத்திரை வேண்டியதில்லை.

முக்கால் மணி நேரம் மெதுவாக ஓடுவதென்றால் தசையில் இருக்கும் சக்திச் சேமிப்பே போதும். வேகமாக ஓடும் நாளிலும், பசியோடு எழும் நாளிலும் 25 முதல் 30 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளுங்கள். வாழையில் சின்ன நாட்டுப்பழம் என்றால் இரண்டு, பச்சைப்பழம் என்ற வகை என்றால் பெரிதாக ஒன்று. அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சிறுமலைப் பழம் கிடைத்தால் அருமை, ஆனால் ஓட்டத்துக்காக அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். காயாக இருக்கையில் மாவாக இருப்பது கனிந்த பிறகுதான் சர்க்கரையாகிறது. அரைக்காயைத் தின்றால் அந்த மாவு செரிக்காமல் பெருங்குடல்வரை போய் வாயுவாகும். நம் ஊர் வெயிலில் பச்சைப்பழம் கனிந்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். அதனால் நிறத்தைப் பார்க்காமல் விரலால் லேசாக அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஜிம் முடிந்தபின் ஜூஸ் மட்டும் குடிப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. செலவான சக்தியைப் பழம் ஈடுகட்டும். தசையைப் பழுதுபார்ப்பது புரதம், அது பழத்தில் அநேகமாக இல்லை. 100 கிராம் வாழைப்பழத்தில் ஒரு கிராம்தான். உங்கள் எடைக்கு ஒரு வேளைக்கு 20 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையும் கால் லிட்டர் பாலும் அதைத் தந்துவிடும். முட்டை வேண்டாமென்றால் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலும் 200 கிராம் தயிரும் எடுத்துக்கொள்ளலாம். கூடவே இரண்டு வாழைப்பழமோ ஒரு கிண்ணம் பப்பாளியோ போதும். ஜூஸ்தான் வேண்டுமென்றால் சீனி போடாமல், வடிகட்டாமல் குடியுங்கள்.

பழகாத எடையைத் தூக்கினாலும், ஸ்குவாட் என்ற உட்கார்ந்து எழும் பயிற்சியில் எடையோடு கீழே இறங்கினாலும் தொடை வலிக்கத்தான் செய்யும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறையும். மாதுளை இந்த வலியைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எடையைச் சிறிது சிறிதாக ஏற்றுவதும் நல்ல தூக்கமும்தான் கைகொடுக்கும். தொடை வீங்கி, சிறுநீர் காபி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம்.

சித்திரை வெயிலில் ஓடினால் வியர்வையோடு உப்பும் போகும். பழத்தில் பொட்டாசியம் உண்டு, சோடியம் மிகக் குறைவு. தர்பூசணி 300 கிராம் சாப்பிட்டால் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கிடைக்கும், உப்புக்கு நீர்மோர் குடியுங்கள். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரை கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் முக்கால் லிட்டர் குடிக்க வேண்டும்.

மாம்பழ சீசனில் ஓடும் முன் மாம்பழம் வேண்டாம். அதில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம், சிலருக்குக் குடல் அதை முழுதாக உறிஞ்சாமல் வயிறு உப்பும். எந்தப் பழமானாலும் முதலில் மெதுவாக ஓடும் நாளில் சாப்பிட்டுப் பாருங்கள், போட்டி நாளில் புதிதாக எதையும் தொடாதீர்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் இந்த அளவுகளை மருத்துவரிடம் காட்டிய பிறகே பின்பற்ற வேண்டும்.