வெயில் ஊர் மகளுக்கு ஐஸ் ஹாக்கி ஆசை

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது; ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் இன்லைன் ஸ்கேட்டிங் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்த காலணியில் சறுக்குவது) பயிற்சிக்குப் போகிறாள். இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற செய்தியைப் படித்ததிலிருந்து, தானும் அந்த அணியில் ஆட வேண்டும் என்கிறாள். ‘நம் ஊரில் ஐஸ் வண்டிக்காரரிடம்தான் ஐஸைப் பார்க்க முடியும்’ என்று கணவர் சிரிக்கிறார். பல் உடைந்துவிடும், பெண் பிள்ளைக்கு வேண்டாம் என்று மாமியார் பயப்படுகிறார். இதற்கிடையே, அறுபதாயிரம் ரூபாய் கட்டினால் அடுத்த ஆண்டே இந்திய அணித் தேர்வுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டலாமா, அல்லது இந்த ஆசையை இப்போதே நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி

அன்புச் சகோதரிக்கு,

பணத்தைக் கட்டாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவற்றை நிதானமாக யோசிக்கலாம், அடகுக்குப் போன நகையை மீட்பதுதான் கடினம். இந்திய அணிக்கான வீராங்கனைகளை இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் முகாம் நடத்தித் தேர்ந்தெடுக்கிறது. தேசியப் போட்டிகளில் ஆடித் தேறியவர்கள்தான் அங்கே வருகிறார்கள். பனித்தளத்தில் ஒரு நாள்கூட நின்றிராத சிறுமியை ஓர் ஆண்டில் அந்த வரிசையில் நிறுத்திவிட முடியும் என்று சொல்பவருக்கு இந்த ஆட்டம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவரிடம் மகளை ஒப்படைக்க வேண்டாம்.

உங்கள் கணவரின் சிரிப்புக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்து மதியத்தில், தர்மபுரி பக்கத்து ஐஸ் பேக்டரி ஒன்றுக்குள் போயிருந்தேன். வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே, பலகை போட்டு மூடிய உப்புக் கரைசல் தொட்டிக்குள் தகர டின்கள் வரிசையாக இறங்கியிருந்தன. ஒருவர் சங்கிலியால் ஒரு டின்னைத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு கணம் முக்கிக் கவிழ்த்தார். ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு வந்து தரையில் நின்றது. ஐஸ் ஹாக்கி ஆடும் தளமும் அடிப்படையில் இதே வேலைதான். கான்கிரீட் தரைக்குள் குழாய்களைப் பரப்பி, உறையாத குளிர்கரைசலை அவற்றில் ஓடவிட்டு, மேலே தண்ணீரை மெல்லிய படலமாகப் பலமுறை தெளித்து உறையவைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் கனம்தான் வரும். ஆக, இந்த ஆட்டத்துக்குக் குளிர்காலம் கட்டாயமில்லை; மின்சாரமும், கட்டடமும், தொடர்ந்து செலவு செய்யும் மனமும் இருந்தால் போதும். கணவரை ஒருநாள் மகளோடு ஐஸ் பேக்டரிக்கு அனுப்பிவையுங்கள்.

நம்மைப் போலவே வெக்கையான நாடுகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. பனியே விழாத பிலிப்பைன்ஸில், வணிக வளாகங்களுக்குள் இருக்கும் பனித்தளங்களில் சறுக்கிப் பழகிய பிள்ளைகளிலிருந்து ஓர் அணி உருவானது. அந்த நாடு 2016-இல்தான் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் சேர்ந்தது; மறு ஆண்டே கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் அணி தங்கம் வென்றது. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்கும் தேசிய அணிகள் இருக்கின்றன.

ஆனால் இந்திய அணியின் கதை வேறு, இதை உங்கள் மகள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நம் பெண்கள் அணியின் முதுகெலும்பு லடாக்கும், இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் குளிர்காலத்தில் குளங்கள் தாமாகவே உறைகின்றன; அங்குள்ள பிள்ளைகளுக்கு அதுவே மைதானம். அப்படிப் பிறந்தவர்களுக்கே வழி எளிதாக இருக்கவில்லை. இயற்கைப் பனி ஆண்டில் சில வாரங்கள்தான் தாங்கும். மற்ற மாதங்களில் நெடுங்காலம் பயிற்சிக்கு இடம் இருக்கவில்லை. 2016-இல் தைபேயில் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டிக்குப் போன பெண்கள் அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று வீழ்த்தியதுதான் முதல் வெற்றி. உங்கள் மகள் செய்தியில் படித்த வெண்கலம், 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் கிடைத்தது; முதல் பயணத்துக்கும் அந்தப் பதக்கத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். இந்தியப் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பராக நின்ற நூர்ஜஹான், லடாக்கின் பழைய சுவரோவியங்களைச் செப்பனிடுவதைத் தொழிலாகக் கொண்டவர். ஐஸ் ஹாக்கியை நம்பி இந்தியாவில் பிழைக்க முடியாது என்பதால் படிப்பும் ஒரு தொழிலும் கூடவே வளர வேண்டும் என்பதை இந்த ஒருவரைச் சுட்டிக்காட்டியே மகளுக்கு விளக்கலாம்.

இதையெல்லாம் கேட்டு மனம் தளர வேண்டாம், அவள் காலில் ஏற்கெனவே சக்கரம் இருக்கிறது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023-இல் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற இந்தியப் பெண்கள் நால்வரில் ஆரதி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் தமிழ்நாட்டுக்காரர்கள். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியன் ஆனார். சக்கரத்தைப் பனிக்குப் போகும் படிக்கட்டாக மட்டும் பார்க்காதீர்கள் என்பதற்காகவே இவர்களைச் சொல்கிறேன். அதிலேயே அவள் நின்றுவிட்டாலும் அது முழுமையான விளையாட்டு.

ஹாக்கியில்தான் மனம் என்றால், சக்கரத்திலேயே இன்லைன் ஹாக்கி இருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரோடு ஆறு பேர் என்றால் இதில் ஐந்து பேர்; மட்டை, வட்டு, கோல் எல்லாம் ஏறக்குறைய அதே மாதிரி. ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு இதற்குத் தேசியப் போட்டி நடத்துகிறது. மகளின் பயிற்சியாளரிடம் வேகத்தை மட்டும் கற்றுத்தராமல், பின்னோக்கிச் சறுக்குவது, வளைவில் காலைக் குறுக்கே மாற்றிவைப்பது, தலையை நிமிர்த்திக்கொண்டே மட்டையால் வட்டைத் தள்ளிச் செல்வது ஆகியவற்றையும் சொல்லித்தரச் சொல்லுங்கள். பனிக்குப் போனதும் புதிதாகக் கற்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: நிற்பது. பனியில், காலணிக்கு அடியில் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் இரண்டு பிளேடுகளையும் சட்டெனப் பக்கவாட்டில் திருப்பி, பனியைச் சீவிக்கொண்டு நிற்க வேண்டும். சக்கரத்தில் பழகிய கால் இதற்கு முதலில் ஒத்துழைக்காது.

உங்கள் மாமியாரின் பயத்தை நான் மதிக்கிறேன், அந்த ரப்பர் வட்டு நூற்று அறுபது கிராம் எடையோடு கல்லைப் போல வரும். ஆனால் பெண்கள் ஆட்டத்தில் முகம் முழுவதையும் மறைக்கும் கம்பிக்கூண்டு வைத்த தலைக்கவசம் கட்டாயம். எதிராளியை உடலால் மோதித் தள்ளுவது விதிப்படி குற்றம். தலைக்கவசமும் முட்டிக் காப்பும் இல்லாமல் சக்கரப் பயிற்சிக்குக்கூட அனுப்ப வேண்டாம் என்று அவரையே கண்காணிக்கச் சொல்லுங்கள். பேத்தியைப் பாட்டியைவிடக் கறாராகப் பார்த்துக்கொள்ள யாரால் முடியும்?

அந்த அறுபதாயிரத்தில் ஒரு பகுதியைச் செலவிட உங்களால் முடியும் என்றால், அடுத்த கோடை விடுமுறையில் குடும்பமாக ஒரு பயணம் போய் வாருங்கள். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்டு, நெடுங்காலம் மூடிக்கிடந்த, உத்தராகண்டின் டேராடூன் பனித்தளத்தை 2025-இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள். போகும் நாளில் பொதுமக்களுக்கு அனுமதி உண்டா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, ஜோலார்பேட்டையில் ரயிலேறுங்கள். இரண்டு மூன்று நாள் அவள் பனியில் நிற்கட்டும். கால் வலித்து, முட்டி சிவந்து, மறுநாள் காலையில் அவளே உங்களை எழுப்பினால், அதன் பிறகு உட்கார்ந்து அடுத்த ஐந்தாண்டுக் கணக்கைப் போடலாம். எழுப்பவில்லை என்றால் பக்கத்து மலை ஊரான மசூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். கையுறையும் தடித்த காலுறையும் இரண்டு ஜோடியாக எடுத்துச் செல்லுங்கள்; விழுந்து எழுவதில் முதல் ஜோடி அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.