‘ஸ்டீராய்டா!’ என்று திட்டிய டாக்டரே ஸ்டீராய்டு எழுதினால்?

பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: “அப்பாவுக்கு 58 வயது. மக்காச்சோளத் தட்டை அறுக்கும்போது தோகை கண்ணில் அடித்துவிட்டது. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது. அப்புறம் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்து, ஒரு வாரத்தில் பார்வையே மங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாட்டிலைப் பார்த்ததுமே டாக்டர், ‘ஸ்டீராய்டா! யார் கொடுத்தது?’ என்று சத்தம் போட்டார். கண்ணில் சுரண்டி எடுத்துப் பார்த்து பாக்டீரியா என்றார்கள். மணிக்கொரு தடவை ஆன்டிபயாடிக் போட்டோம். ஐந்தாம் நாள் அதே டாக்டர் ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதியிருக்கிறார். மாமா வேண்டவே வேண்டாம் என்கிறார். போடலாமா?”

போடலாம். மாமாவின் பயம் நியாயமானதுதான், ஆனால் அவர் பயப்பட வேண்டிய பாட்டில் இது இல்லை.

கருவிழியில் கிருமி புகுந்தால் அதை விரட்ட நம் உடம்பிலிருந்து வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. வீட்டில் திருடன் புகுந்துவிட்டான், ஊரே தடியோடு உள்ளே நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் உடைத்ததைவிட ஊர்க்காரர்கள் உடைத்த பண்டபாத்திரம் அதிகமாக இருக்கும். கருவிழி கரைவதிலும், பிறகு ‘பூ’ விழுந்து வெள்ளைத் தழும்பாக நிற்பதிலும் இந்தக் களேபரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்டீராய்டு ஊர்க்காரர்களை வீட்டுக்கு அனுப்புகிற மருந்து. திருடன் பிடிபட்ட பிறகு அனுப்பினால் நல்லது. அவன் பரணில் ஒளிந்திருக்கும்போதே அனுப்பினால் வீடு அவனுக்குத்தான்.

உங்கள் அப்பாவுக்கு மெடிக்கலில் நடந்தது இரண்டாவது. இப்போது டாக்டர் செய்வது முதலாவது.

இதற்கு ஆதாரம் நம்மூரிலேயே இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து பாக்டீரியாவால் கருவிழிப் புண் வந்த 500 பேரிடம் ஒரு சோதனை நடத்தி, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் முதல் 48 மணி நேரம் மாக்ஸிஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும். அதன் பிறகு பாதிப் பேருக்கு அதோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், மொத்தத்தில் இரண்டு கூட்டத்தின் பார்வைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கெடுதலும் கூடவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே கண்முன் நீட்டிய விரலை எண்ணும் அளவுக்கோ அதற்கும் கீழாகவோ பார்வை போனவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஸ்டீராய்டு போட்டவர்களுக்குப் பார்வை ஓரளவு கூடுதலாகத் திரும்பியிருந்தது. நீங்கள் அனுப்பிய சீட்டில் அப்பாவின் பார்வை ‘விரல் எண்ணும் அளவு’ என்றுதான் எழுதியிருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் நிமோனியாவை உண்டாக்கும் அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, பூஞ்சை இல்லை. டாக்டர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்.

சரி, அப்படியானால் மெடிக்கலில் கொடுத்ததும் அதே மருந்துதானே என்று மாமா கேட்பார். கேட்கட்டும், இதைத்தான் நான் இருபது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். கடையில் இருப்பவருக்கு உங்கள் அப்பாவின் கண்ணில் இருப்பது பாக்டீரியாவா பூஞ்சையா என்று தெரியாது. தென் தமிழ்நாட்டில் கருவிழிப் புண்ணோடு வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூஞ்சை. தோகை, நெல் சுனை, கருவேல முள் என்று செடிகொடி பட்ட கண்ணென்றால் சந்தேகம் இன்னும் அதிகம். பூஞ்சைக்கு ஸ்டீராய்டு என்பது காய்ந்த வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி. உங்கள் அப்பாவுக்குப் பாக்டீரியாவாக அமைந்தது அதிர்ஷ்டம், கடைக்காரரின் கெட்டிக்காரத்தனம் அல்ல.

அந்த ‘இரண்டு நாள் நன்றாக இருந்தது’ இருக்கிறதே, அதுதான் பொறி. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. கண் சிவப்பு போய்விட்டது, மருந்து கேட்கிறது என்று எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே புண் பரவும். கடைக்காரருக்கும் அதே இரண்டு நாள்தான் வேண்டும், ‘கைராசிக்காரர்’ என்ற பெயருக்கு அது போதும். ஒரே பாட்டிலில் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்து வருகிற மருந்துகளில் பெயருக்குப் பின்னால் ஒரு ‘டி’ ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அது டெக்ஸாமெத்தசோன். அட்டையில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றும் அச்சடித்திருக்கும். 1945-ம் வருஷத்து மருந்து விதிகளில் வருகிற விதி அது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கவுன்டரில் ‘கண் சிவப்புக்கு ஒண்ணு குடுங்க’ வியாபாரம் நடக்கிறது.

இதே ரகத்தில் இன்னொன்று, கேட்டராக்ட் ஆபரேஷன் செய்த பெரியம்மா வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டில். அதிலும் அநேகமாக ஸ்டீராய்டுதான் இருக்கும். ஊருக்கு ஒருவர் நாக்கால், நூலால், சேலை நுனியால் தூசு எடுக்கிறேன் என்று உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் உங்கள் கேள்வி மறந்துவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புண்ணின் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி ஸ்லைடில் தடவி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையின் இழை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பல நிலையங்களில் காசநோய்க்குச் சளி பார்க்க மைக்ராஸ்கோப் இருக்கிறது, பார்க்க ஆளும் இருக்கிறார். கண்ணுக்கு அதை உபயோகிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் அப்பாவுக்கு ஒரு வாரம் வீணானதில் இதற்கும் பங்கு உண்டு.

பாக்டீரியா என்றால் பிறகு ஸ்டீராய்டு போடலாம் என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நோகார்டியா என்று ஒரு பாக்டீரியா உண்டு. மண்ணில் வாழ்வது. காட்டு வேலை செய்கிறவர்கள் கண்ணில் நம் பக்கம் அடிக்கடி பார்க்கிறோம். அரவிந்த் சோதனையிலேயே பத்தில் ஒருவருக்கு இதுதான் இருந்தது. இது பாக்டீரியாதான், ஆனால் ஸ்டீராய்டு விஷயத்தில் மற்ற பாக்டீரியா மாதிரி நடந்துகொள்ளாது. ஸ்டீராய்டு போட்ட நோகார்டியா கண்களில் தழும்பு பெரிதாகிவிட்டது. இந்தக் கூட்டத்தை ஒதுக்கிவிட்டு ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, மற்றவர்களுக்கு ஸ்டீராய்டால் பலன் இருந்ததும் தெளிவாகத் தெரிந்தது. ஸ்லைடில் இது மெல்லிய கிளைவிட்ட இழையாகத் தெரியும், பழகாத கண் பூஞ்சை என்றே நினைக்கும். கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், மெதுவாக வளரும், ஒரு வாரம்கூட ஆகலாம். இதற்கு அமிகாசின் சொட்டு மருந்துதான் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலைக்காட்டில் மண் பட்ட ஒரு அம்மாவுக்கு, இரண்டாம் நாளே ‘ஏதோ பாக்டீரியா’ என்ற ரிப்போர்ட்டை நம்பி நான் ஸ்டீராய்டு ஆரம்பித்தேன். ஆறாம் நாள் லேபிலிருந்து நோகார்டியா என்று போன் வந்தது. அந்த அம்மாவின் கருவிழியில் மாலை கோத்த மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் அதற்குள் ஓரம்வரை போயிருந்தன. அன்றிலிருந்து கிருமியின் பெயர் தெரியாமல் ஸ்டீராய்டு எழுத நான் பேனாவை எடுப்பதில்லை. உங்களுக்குப் பெயர் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அடுத்த தடவை போகும்போது ‘கல்ச்சர் முழுசா வந்திருச்சா, வேற எதுவும் வளரலையா?’ என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டில் செய்ய வேண்டியது. ஸ்டீராய்டு வந்துவிட்டது என்று ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடாதீர்கள், அப்படி நிறுத்தித்தான் நிறையப் பேர் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் ஆன்டிபயாடிக், ஐந்து பத்து நிமிடம் கழித்து ஸ்டீராய்டு. பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் நன்றாகக் குலுக்கிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் மருந்து அடியிலேயே தங்கி, பெரும்பாலும் தண்ணீர்தான் கண்ணுக்குள் போகும். எத்தனை தடவை, எந்த வாரம் குறைப்பது என்பதை டாக்டர் எழுதியபடியே செய்யுங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நன்றாக இருக்கிறதே என்று நீட்டவும் வேண்டாம். நீட்டினால் கண் பிரஷர் ஏறும். கடையில் ‘அந்தக் கம்பெனி இல்லை, இதுவும் அதேதான்’ என்று வேறு பாட்டில் நீட்டினால் வாங்காமல் வந்து டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

வலி குறைந்ததை மட்டும் வைத்துப் புண் ஆறுகிறது என்று முடிவு செய்ய முடியாது, காரணம் மேலே சொன்னேன். டாக்டர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் புண்ணின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்வார். சொன்ன தேதியில் போனால்தான் அந்தக் கணக்கு உதவும். பார்வை இன்னும் மங்கினால், வெள்ளை பெரிதானால், வலி திரும்பினால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். கண்ணிலிருந்து திடீரென்று சூடாகத் தண்ணீர் கொட்டினால் கருவிழி ஓட்டை விழுந்திருக்கலாம். கண்ணை அழுத்தாமல், கட்டும் போடாமல், ராத்திரி ஆனாலும் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பழைய மெடிக்கல் பாட்டில். ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கண் சிவந்தால் அதைத்தான் வந்து கேட்பார்கள்.