அந்த டிக் யார் கொடுத்தது? மஸ்டோடன், புளூஸ்கை, நாஸ்டர் கேள்வி பதில்

மஸ்டோடன், புளூஸ்கை, நாஸ்டர் மாதிரி, ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத (மையமில்லாத) சமூக வலைத்தளங்களில் பேட்ஜ், டிக், நற்பெயர் இவை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குமுளி முதல் நகரி வரை, எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் நம் ஆட்கள் நிறைய அனுப்பியிருக்கிறீர்கள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். நான் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு ஒரு சின்ன மஸ்டோடன் சர்வரைப் பார்த்துக்கொள்பவன். எனக்குத் தெரிந்த வட்டத்துக்குள் பதில் சொல்கிறேன். டோக்கன் விலை, முதலீடு பற்றிய கேள்விகளை எடுக்கவில்லை.

வேலந்தாவளம், பள்ளி ஆசிரியை: மஸ்டோடனில் நீல டிக் வாங்க எங்கே விண்ணப்பிக்க வேண்டும் சார்?

விண்ணப்பிக்க இடமே இல்லைங்க டீச்சர். மஸ்டோடன் என்பது ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர்கள். ‘இவர் இன்னார்தான்’ என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல அங்கே ஓர் அலுவலகம் கிடையாது. இருப்பது பச்சைக் குறி. சுயவிவரத்தில் இணைப்புகள் போட நான்கு கட்டங்கள் இருக்கும். அதில் ஒன்றில் உங்கள் வலைப்பக்கத்தின் முகவரியைப் போடுங்கள். அந்த வலைப்பக்கத்திலிருந்து உங்கள் மஸ்டோடன் முகவரிக்கு ஒரு இணைப்பு கொடுத்து, அதில் ‘ரெல் மீ’ (rel="me") என்ற குறிப்பைச் சேருங்கள். சர்வர் அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்க்கும். இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் கை காட்டினால் கட்டம் பச்சையாகிவிடும். காசு கிடையாது, காத்திருப்பும் கிடையாது.

அந்தப் பச்சை சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கணக்கும் அந்த வலைப்பக்கமும் ஒரே கையில் இருக்கின்றன. நீங்கள் ஆசிரியை என்று அது சொல்லாது. பள்ளியின் சொந்த வலைத்தளத்தில் உங்கள் பெயருக்குக் கீழே அந்த இணைப்பு இருந்தால், அப்போது பள்ளியே சொன்ன மாதிரி ஆகும். தலைமையாசிரியரிடம் கேட்டு அதைச் செய்துகொள்ளுங்கள், அதுதான் மதிப்பு.

இன்னொன்று. சிலர் பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் வைத்திருப்பார்கள். அது வெறும் எமோஜி. சர்வர் நிர்வாகி ஒரு படத்தை ஏற்றிவிட்டால் அந்தச் சர்வரில் யார் வேண்டுமானாலும் அதைப் பெயரில் ஒட்டிக்கொள்ளலாம். அதைப் பார்த்து யாரையும் நம்பாதீர்கள்.

நகரி, விசைத்தறி வைத்திருப்பவர்: புளூஸ்கையில் சிலருக்கு வட்ட டிக், சிலருக்கு ஓரம் வளைவு வளைவாக ஒரு டிக். என்ன வித்தியாசம் அண்ணா?

நல்ல கேள்வி, இதில் விஷயம் இருக்கிறது. புளூஸ்கையில் முதலில் டிக் கிடையாது. உங்கள் சொந்த டொமைனையே (வலைத்தளத்தின் பெயர்) கணக்கின் பெயராக வைத்துக்கொள்வதுதான் அடையாளம். டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் (அந்தப் பெயருக்கான இணையக் குறிப்பேடு) ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு பத்திரிகையின் டொமைனைப் பெயராக வைத்திருக்கும் கணக்கு அந்தப் பத்திரிகையுடையதுதான், வேறு யாராலும் அப்படி வைக்க முடியாது. ஆனால் டொமைனைப் படித்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை. அதனால் 2025 ஏப்ரலில் டிக்கையும் கொண்டுவந்தார்கள்.

வட்ட டிக் என்றால் அந்தக் கணக்கு சரிபார்க்கப்பட்டது. ஓரம் வளைந்த டிக் என்றால் அந்தக் கணக்கு மற்றவர்களைச் சரிபார்க்கும் உரிமை பெற்றது. தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ், வயர்டு போன்ற பத்திரிகைகளுக்கு அந்த உரிமை கொடுத்தார்கள், தங்கள் நிருபர்களுக்குத் தாங்களே டிக் கொடுத்துக்கொள்ள. டிக்கைத் தொட்டால் யார் கொடுத்தது என்று காட்டும். தயவுசெய்து தொட்டுப் பாருங்கள்!

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். சரிபார்ப்பு என்பது அங்கே ஒரு பதிவு. ‘இந்தக் கணக்கு, இந்தப் பெயர், இந்த முகவரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. அந்தப் பதிவை நீங்களும் நானும்கூட எழுதலாம், புளூஸ்கை ஓடும் நெறிமுறை (புரோட்டோகால்) தடுக்காது. ஆனால் யாருடைய பதிவை டிக்காகக் காட்டுவது என்று முடிவு செய்வது செயலி. புளூஸ்கை செயலி தான் தேர்ந்தெடுத்தவர்களுடையதை மட்டும் காட்டுகிறது. வேறொரு செயலி வேறு பட்டியலை வைத்துக்கொள்ளலாம். டிக் வாங்கியவர் பிறகு பெயரையோ முகவரியையோ மாற்றினால் பதிவு பொருந்தாமல் போய், டிக் செல்லாது. டிக்கை வாங்கிவிட்டு அமைச்சர் பெயருக்கு மாறுகிற வேலை அங்கே நடக்காது.

தேவிகுளம்: கூ செயலியில் எனக்கு மஞ்சள் டிக் இருந்தது. அதை இங்கே கொண்டுவர முடியுமா?

முடியாது. இந்தியச் செயலியான கூ 2024 ஜூலையில் மூடப்பட்டது. டிக் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருந்தது, அதோடு போயிற்று.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: நாஸ்டரில் எனக்கு நிறைய பேட்ஜ் வந்திருக்கு அண்ணே. வேலைக்குப் போகும்போது காட்டலாமா?

நாஸ்டரில் பேட்ஜ் எப்படி வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே விடை கிடைத்துவிடும் தம்பி. நிப் 58 என்கிற விதிமுறை அது. ஒருவர் பேட்ஜை வரையறுக்கிறார்: பெயர், படம், விளக்கம். அப்புறம் அதை உங்கள் சாவிக்கு வழங்குகிறார் (நாஸ்டரில் கணக்கு என்பதே ஒரு ஜோடிச் சாவிதான்: எல்லோரும் பார்க்கும் பொதுச் சாவி, நீங்கள் மட்டும் வைத்திருக்கும் ரகசியச் சாவி). கடைசியில் நீங்கள் விரும்பினால் உங்கள் சுயவிவரத்தில் காட்டுகிறீர்கள். நீங்கள் ஏற்காத பேட்ஜ் உங்கள் மேல் ஒட்டாது, அது நல்ல ஏற்பாடு. வேறொருவருக்குக் கைமாற்றவும் முடியாது.

ஆனால் முதல் படியைக் கவனியுங்கள். யார் வேண்டுமானாலும் வரையறுக்கலாம். ‘சிறந்த நிரலாளர்’ என்று நானே உருவாக்கி எனக்கே கொடுத்துக்கொள்ளலாம். கையெழுத்து உண்மையாக இருக்கும், சொல்லும் விஷயம் பொய்யாக இருக்கலாம். ஆகவே உங்கள் பேட்ஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கொடுத்தவரின் சாவி யாருடையது என்று பாருங்கள். நீங்கள் பங்களித்த ஒரு மென்பொருளின் ஆசிரியர் கொடுத்ததா? அதைக் காட்டுங்கள். பின்தொடர்ந்ததற்காக யாரோ கொடுத்ததை விட்டுவிடுங்கள்.

என்செக் என்று தொடங்கும் ரகசியச் சாவியை எந்த வலைத்தளத்திலும் ஒட்டாதீர்கள். ‘இலவச பேட்ஜ் பெற சாவியைப் போடவும்’ என்று கேட்டால் அது திருட்டு.

புளியரை: நீல டிக் எவ்வளவு காசு?

மேலே டீச்சருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். மஸ்டோடனிலோ புளூஸ்கையிலோ டிக் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

குமுளி, ஏலக்காய் வியாபாரி: எங்கள் விவசாயிகள் குழு உறுப்பினர்களுக்கு ஓர் அடையாளம் கொடுக்க ஆசை. எங்கள் பெயரைச் சொல்லி வெளியாட்கள் விற்கிறார்கள். எதில் செய்யலாம் அண்ணாச்சி?

இதற்காகத்தான் இந்த ஏற்பாடுகள் எல்லாம் இருக்கின்றன, நிதானமாகச் சொல்கிறேன்.

கொடுப்பது சுலபம். திரும்ப வாங்குவதை முதலில் யோசியுங்கள். உறுப்பினர் ஒருவர் விலகிவிட்டார், அல்லது கலப்படம் செய்து நீக்கப்பட்டார் என்றால் என்ன செய்வீர்கள்? நாஸ்டர் பேட்ஜ் வழங்கியது வழங்கியதுதான், அந்த விதிமுறையில் திரும்பப் பெறும் வழி வைக்கவில்லை. அதில்தான் செய்வேன் என்றால் பேட்ஜின் பெயரிலேயே ஆண்டைப் போட்டு ஆண்டுதோறும் புதிதாகக் கொடுங்கள். பழைய ஆண்டுப் பேட்ஜைக் காட்டுபவரை வாங்குபவர் கேள்வி கேட்பார்.

புளூஸ்கையில் லேபிள் சேவை (கணக்குகள் மேல் சிறு குறிச்சொல் ஒட்டும் சேவை) ஒன்றைத் தொடங்கலாம். அதன் லேபிளுக்குக் காலாவதி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் உங்கள் சேவையைச் சந்தா எடுத்தவர் கண்ணுக்குத்தான் லேபிள் தெரியும். கொச்சியில் இருக்கும் வாடிக்கையாளர் எடுத்திருக்க மாட்டார்.

என் யோசனை: குழுவின் பெயரில் ஒரு டொமைன் வாங்குங்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் அதன் கீழே ஒரு துணைப் பெயர் கொடுத்து, அதையே புளூஸ்கைக் கணக்கின் பெயராக வைக்கச் சொல்லுங்கள். நீக்கப்பட்டவரின் வரியை டிஎன்எஸ்ஸில் அழித்தால், அவருடைய முகவரி செல்லாதது என்று செயலியே காட்டும். அவருடைய பதிவுகளும் பின்தொடர்பவர்களும் அவரிடமே இருப்பார்கள், குழுவின் பெயர் மட்டும் போகும். இரு பக்கமும் நியாயமான ஏற்பாடு. டொமைனை ஒரு தனி ஆளின் பெயரில் மட்டும் பதிவு செய்யாதீர்கள். குழுவின் மின்னஞ்சலில், குழுவின் பணத்தில் இருக்கட்டும்.

சித்தூர் (ஆந்திரா), மாங்கூழ் ஆலையில் வேலை: இவ்வளவு எதற்கு சார்? ஆளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் வைத்தால் முடிந்தது. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தெரிந்துவிடும்.

முடியாதுங்க, ஏன் என்று சொல்கிறேன். கணக்குத் தொடங்க எந்தச் செலவும் இல்லாத இடத்தில் ஓர் ஆளே நூறு கணக்கு வைத்து ஒன்றுக்கொன்று மதிப்பெண் போட்டுக்கொள்வார். இதற்குச் சிபில் (Sybil) தாக்குதல் என்று பெயர், வங்கிக் கடனுக்குப் பார்க்கும் சிபில் மதிப்பெண் வேறு. அடையாளத்தைச் சான்றளிக்க ஒரு மையம் இல்லாமல் இதை முழுதாகத் தடுக்க முடியாது என்று 2002இலேயே மைக்ரோசாஃப்டின் ஆய்வுப் பிரிவிலிருந்து கட்டுரை வந்துவிட்டது.

அவர் விடவில்லை, குமுளிக்காரரும் சேர்ந்துகொண்டார். அந்த விவாதத்தை அப்படியே தருகிறேன்.

சித்தூர்: கணக்குத் தொடங்கக் காசு வைத்தால்?

பணம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டீமிட்டைப் பாருங்கள், பதிவுக்கும் வாக்குக்கும் கிரிப்டோ நாணயம் தரும் சமூக வலைத்தளம், 2016இல் வந்தது. புதுக் கணக்கின் நற்பெயர் 25இல் தொடங்கும், வாக்கு விழ விழ ஏறும். வாக்கின் வலிமை கையிலுள்ள நாணயத்தைப் பொறுத்தது. என்ன ஆயிற்று? வாக்கை விற்கும் ரோபோக்கள் வந்தன. பணம் கொடுத்து வாக்கு வாங்கியவர்களின் எண்ணும் ஏறியது. எண் குறைவானவர் எண் அதிகமானவரின் நற்பெயரைக் குறைக்கவும் முடியாது என்று விதி. முதலில் ஏறியவர் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

குமுளி: நாங்கள் காய்க்கே 7 மில்லி, 8 மில்லி என்று சல்லடையில் தரம் பிரிக்கிறோமே. ஆளுக்குப் பிரித்தால் என்ன தப்பு?

சல்லடையைக் காய் ஏமாற்றாது அண்ணாச்சி. ஏழு மில்லிக் காய் தன்னை எட்டாகக் காட்ட முயலாது. ஆளை அளந்தால், எதை அளக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்த அன்றே அதற்கேற்ப நடப்பார். வாக்கை அளந்தால் வாக்குத் தேடுவார், பின்தொடர்பவர்களை அளந்தால் அதைச் சேர்ப்பார்.

மூணாறு, எஸ்டேட் பள்ளியில் கணினி ஆசிரியர்: கூட்டாளிகள் வழியாக நம்பிக்கையைக் கணக்கிட வழி இருக்கிறதே? ஐகன்ட்ரஸ்ட் என்ற கணக்கீட்டு முறை பற்றிப் படித்திருக்கிறேன்.

சரியான இடத்துக்கு வந்தீர்கள் சார். 1999இல் அட்வொகேட்டோ என்ற நிரலாளர்களின் வலைத்தளம், 2003இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஐகன்ட்ரஸ்ட். இரண்டும் நன்றாக யோசித்தவை. ஆனால் இரண்டுக்கும் முன்கூட்டியே நம்பப்பட்ட சிலர் தேவை, அவர்களிடமிருந்துதான் நம்பிக்கை பாயத் தொடங்குகிறது. அந்தச் சிலரை யார் தேர்ந்தெடுப்பது? எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்றால் மையம் திரும்ப வந்துவிட்டது. நீங்கள் உங்களிடமிருந்தும், நான் என்னிடமிருந்தும் தொடங்கினால் மட்டும் அது பரவலாக்கப்பட்டது. அப்படித் தொடங்கினால் ஒரே ஆளுக்கு உங்கள் கண்ணில் ஒரு மதிப்பு, என் கண்ணில் வேறு மதிப்பு. சித்தூர்க்காரர் கேட்ட ஒற்றை எண் அங்கே இருக்கவே முடியாது. நாஸ்டர் செயலிகள் சில இந்த வழியில்தான் போகின்றன: நீங்கள் பின்தொடர்பவர்கள் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்து அறியாதவர்களை வடிகட்டுகின்றன.

சித்தூர்: அப்போ புதுசா வர்றவன் என்ன செய்வான்? அவனை யாருக்கும் தெரியாதே.

இந்தக் கேள்வியை மதிக்கிறேன். இந்த முறைகளின் மிகப் பெரிய குறை அதுதான். நகரத்து இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பின்தொடர்ந்து வைத்திருப்பார்கள். புத்தூரில் இருந்து தெலுங்கும் தமிழும் கலந்து எழுதும் ஒரு பெண் உள்ளே வந்தால் வடிகட்டியில் மாட்டிக்கொள்வார். அதற்கு எண் மருந்து ஆகாது. தெரிந்தவர் ஒருவர் ‘இவர் நம்ம ஆள்’ என்று அறிமுகப்படுத்துவதுதான் வேலை செய்கிறது. என் சர்வரில் புதியவர் யார் வந்தாலும் முதல் பதிவை நான் பகிர்ந்து அறிமுகம் செய்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

மஸ்டோடனில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பதிவுக்கு உங்கள் சர்வரில் தெரியும் விருப்ப எண்ணிக்கையும் என் சர்வரில் தெரிவதும் ஒன்றாக இருக்காது, ஒவ்வொரு சர்வரும் தனக்கு வந்து சேர்ந்ததைத்தான் எண்ணுகிறது. கூட்டிப் பார்க்க அடிப்படையே இல்லை.

கொல்லங்கோடு: டிக் வாங்குவது எப்படி?

இதற்கு இனி பதில் இல்லை. மேலே இரண்டு முறை இருக்கிறது.

செங்கோட்டை: சர்வர் மாறினால் பச்சைக் குறி கூட வருமா? பின்தொடர்பவர்கள்?

பின்தொடர்பவர்கள் வருவார்கள், பதிவுகள் வராது. முதலில் புதுக் கணக்கில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேருங்கள், பிறகு பழையதிலிருந்து இடமாற்றம் கொடுங்கள். உங்கள் வலைத்தளத்தில் இருக்கும் இணைப்பைப் புது முகவரிக்கு மாற்றினால்தான் அங்கே பச்சை வரும். ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது. பழைய சர்வர் மூடுவதற்கு முன்பே செய்யுங்கள், மூடிய பின் வழியில்லை.

கூடலூர்: நாஸ்டர் ரகசியச் சாவி தொலைந்துவிட்டது. மீட்க?

முடியாது. புதுச் சாவி உருவாக்கி, தெரிந்தவர்களிடம் நேரில் சொல்லுங்கள். இந்த முறை காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கம்பம்: என் ஃபேஸ்புக் பக்கத்தை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

என் துறை இல்லைங்க. பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். இல்லையென்றால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள்.

சூளூர்பேட்டை: எங்கள் வாசகர் வட்டத்தின் டொமைன் அடுத்த மாதம் காலாவதி. விட்டுவிட்டால் என்ன ஆகும்? பேட்ஜ் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

விடாதீர்கள்! வேறு யாராவது வாங்கினால், புளூஸ்கையில் உங்கள் பழைய பெயரை அவர் வைத்துக்கொள்ளலாம். மஸ்டோடனில் அந்த முகவரியோடு பச்சைக் குறியும் பெறலாம். நாஸ்டரில் மின்னஞ்சல் போலத் தெரியும் அந்த முகவரியையும் தன் சாவிக்குத் திருப்பலாம். உங்கள் பேரில் அவர் பேசுவார், எல்லாக் குறியும் ‘சரி’ என்று காட்டும். டொமைனின் கடைசி எழுத்துகளும் முக்கியம். 2024 பிப்ரவரியில், .ஏஎஃப் என்று முடியும் டொமைனில் ஓடிய ஒரு மஸ்டோடன் சர்வரின் டொமைனை ஆஃப்கானிஸ்தான் அரசு முடக்கியது, ஏனென்றால் அந்த எழுத்துகள் அந்த நாட்டுடையவை. அழகாக இருக்கிறதே என்று தூர தேசத்து எழுத்துகளை வாங்க வேண்டாம், .இன் போதும்.

காலாவதி ஆனாலும் சில நாள் அவகாசம் கிடைக்கலாம், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். டொமைன் பதிவு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது, அவர் இப்போது வட்டத்தில் இருக்கிறாரா என்று இன்றைக்கே பார்த்து எழுதுங்கள். அவர் விலகிப் போயிருந்தால் செய்ய வேண்டியது வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.