எழுந்து போக முடியாதவரிடம் மதம் பேசலாமா?

வீட்டு வாசலுக்கு வந்து மதம் பேசுகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று போன இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் ஏராளம். கோபக் கடிதங்களும் உண்டு. அதனால் இந்த இதழை அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

பதில்களைப் படிக்கும் முன் என்னைப் பற்றி ஒரு விவரம் தெரிந்திருப்பது நல்லது. நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் எனக்கு அந்த வாரமே ஓடாது. மதம் வேண்டாதவள் எழுதுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்கா, சென்னையில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போக எழும்பூரில் ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் அப்பா வயதுள்ள ஒருவர். தாம்பரம் தாண்டியதும் “தம்பிக்கு மன நிம்மதி இருக்கா?” என்று ஆரம்பித்தவர் விழுப்புரம் வரை விடவில்லை. மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். இதை எப்படி நிறுத்துவது?
*— ஒரு வாசகர், சாத்தூர்*

தம்பி, நீங்கள் தலையாட்டியதை அவர் உங்கள் விருப்பம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் அது இரண்டு பேருக்குமே உதவாது.

ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: “ஐயா, நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க. எனக்கு இதைப் பத்திப் பேச விருப்பம் இல்லை, தப்பா எடுத்துக்காதீங்க.” அதோடு நிறுத்துங்கள், காரணம் சொல்ல வேண்டாம். “எங்களுக்குக் குலதெய்வம் இருக்கு” என்று நீங்கள் தொடங்கினால் அடுத்த அரை மணி நேரம் குலதெய்வத்தைப் பற்றித்தான் பேச்சு ஓடும். அப்புறம் நீங்களே அவர் ஊரைப் பற்றி, அங்கே மழை பெய்ததா என்பதைப் பற்றிக் கேளுங்கள். மதப் பேச்சைத்தான் தவிர்த்தீர்கள், அவரைத் தவிர்க்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

கைப்பிரதி கொடுத்தால், வேண்டாம் என்றால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் சீட்டுக்கு அடியில் போட்டு மிதிபட விடாதீர்கள். யாரோ கும்பிடுகிற பெயர் அதில் அச்சாகியிருக்கிறது.

அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசர்வ் செய்த சீட்டை விட்டு அந்தப் பையன் எங்கே போவான்? ஓடுகிற ரயிலில் ஒருவரிடம் மதம் பேச ஆசைப்பட்டால், பேசலாமா என்று ஒரு தடவை கேளுங்கள். முகம் சுருங்கினால் அதுதான் பதில்.

அம்மா, என் தாயாருக்குக் கர்ப்பப்பையை எடுத்த மூன்றாம் நாள். மருந்து வாங்கக் கீழே போய்விட்டு வந்து பார்த்தால் முன்பின் தெரியாத நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்று, தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். நான் கத்தி வெளியே அனுப்பினேன். “நல்லதுக்குத்தானே செஞ்சாங்க, ஏன் விரட்டுன?” என்கிறார் அம்மா. நான் செய்தது தவறா?
*— பெயர் வேண்டாம், திண்டுக்கல்*

தவறில்லை. மற்ற நோயாளிகளும் இருக்கிற இடம் என்பதால் குரலைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் எனக்கு இன்னமும் கோபம் வரும், அதை மறைக்கப்போவதில்லை. எலும்பு முறிவு வார்டில் நான் பொறுப்பில் இருந்தபோது மாலைப் பார்வையாளர் நேரத்தில் இப்படி ஆட்கள் வருவார்கள். என் சபைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். விபூதிப் பொட்டலத்தோடு கட்டில் கட்டிலாகப் போனவர்கள் உண்டு. ஓதி ஊதிய தண்ணீர் பாட்டிலோடு வந்தவர்களும் உண்டு.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பாட்டி இருந்தார். தொடை எலும்பு முறிந்து, காலில் டிராக்ஷன் போட்டு எடை தொங்கவிட்டிருந்தோம். டிராக்ஷன் போட்டவரால் நினைத்தபடி புரண்டுகூடப் படுக்க முடியாது. இரண்டு பெண்கள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, பாட்டியின் நெற்றியில் இருந்த திருநீற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு வந்து, “பாட்டி, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எப்படித் தாயி சொல்றது? அந்தச் சாமியும் கோவிச்சுக்கிட்டா கால் கூடாமப் போயிருமே.”

நோயில் படுத்தவர்களின் மனசு இப்படித்தான் இருக்கும். எந்தச் சாமியையும் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குத் துணிச்சல் வராது. கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்களைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. அந்தப் பயத்தில் அவர்கள் தலையாட்டியதை வைத்துக்கொண்டு, “இன்னார் ஏற்றுக்கொண்டார்” என்று சபையில் போய்ச் சாட்சி சொல்வது அநியாயம். என் தேவன் அப்படிப்பட்ட சாட்சியைக் கேட்கிறவர் என்று நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஜெபம், பூஜை, துஆ எதற்காக வந்தாலும் முதலில் என் மேசைக்கு வர வேண்டும். வந்தவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் நோயாளியிடம் போய்க் கேட்பேன். வந்தவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் யாராக இருந்தாலும் “சரி” என்றுதான் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் உண்மை வரும். வேண்டும் என்று சொன்னவர்களுக்கு நான் ஒரு நாளும் தடை போட்டதில்லை. குடும்பத்தார் கூட்டி வந்த பூசாரி, ஹஜரத், பாஸ்டர் எல்லாரும் என் வார்டுக்குள் வந்திருக்கிறார்கள்.

நீங்களும் வார்டு சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள். கூடவே அம்மாவையும் தனியாகக் கேளுங்கள். அந்த ஜெபம் அவருக்கு மெய்யாகவே ஆறுதலாக இருந்திருந்தால், அவர்களை மறுபடி வரச் சொல்வது அம்மாவின் விருப்பம். அதில் உங்கள் கோபம் குறுக்கே வரக் கூடாது.

சிஸ்டர், நீங்களும் விசுவாசிதானே? சத்தியத்தை அறிந்தவன் அதைச் சொல்லாமல் இருப்பது பாவம் இல்லையா? நான் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன். தெருவில் சிலர் என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள். உங்கள் போன பதில் அவர்களுக்குத்தான் சாதகமாக இருக்கிறது.
*— ஒரு சகோதரர், தூத்துக்குடி*

சகோதரரே, சொல்லவே கூடாது என்று நான் எழுதவில்லை. சொல்வது உங்கள் உரிமை. மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் சொன்னது: கொள்கையை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மதம் மாற்றுவதை உரிமையாகக் கோர முடியாது.

இந்தப் ‘பரப்பும்’ உரிமை நமக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதை எடுத்துவிடலாமா என்று விவாதம் நடந்தது. மதம் மனிதனுக்கும் படைத்தவனுக்கும் இடையிலான விஷயம், அந்தரங்கமாக வைத்துக்கொள்ளட்டும் என்று பீகாரைச் சேர்ந்த தஜமுல் உசேன் வாதாடினார். நம் பக்கத்து டி.டி.கிருஷ்ணமாச்சாரி அந்த உரிமை இருக்கட்டும் என்று ஆதரித்துப் பேசினார். தான் சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், தன்னை மதம் மாற்ற அங்கே யாரும் முயலவில்லை என்றும் சொன்னார். அவரைத் தினமும் அங்கே நச்சரித்திருந்தால் நமக்காக அப்படிப் பேசியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

வேதத்துக்கே வருவோம். பேதுரு முதல் நிருபம் 3:15 உங்களுக்குத் தெரியாததா? உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. உங்கள் தெருவில் உங்களிடம் யாராவது விசாரித்தார்களா? விசாரிக்கிற மாதிரி நாம் நடந்துகொள்கிறோமா? எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஆயா இருந்தார். கேட்பாரற்றுக் கிடந்தவர்களையும் முகம் சுளிக்காமல் துடைத்துவிடுவார். வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னதில்லை. “நீ எந்தக் கோயிலுக்குப் போறம்மா?” என்று நோயாளிகளே அவரைக் கேட்பார்கள்.

இன்னொரு மார்க்கத்துக் கதையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இராமானுஜர் திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்து போய், ரகசியமாகக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கற்றார் என்பது வைணவ மரபு. தான் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் அறிவித்தாராம். உங்களுக்கு இருக்கிற அதே தாகம்தான் அது. ஆனால் அவர் ஒரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை. உயரத்தில் நின்று கூப்பிட்டார், வேண்டியவர்கள் வந்து கேட்டார்கள்.

கதவைச் சாத்தியவர் வீட்டுக்கு மறுபடி போகாதீர்கள். பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் இருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். துக்க வீட்டுக்குக் கைப்பிரதி கொண்டுபோக வேண்டாம், போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அது போதும். ஒருவருக்கு அரிசியோ பீஸ் பணமோ கொடுத்து உதவினால் அன்றைக்கு ஆண்டவரைப் பற்றிப் பேசாதீர்கள். வாங்கிய கைக்கு மறுத்துப் பேச வாய் வராது. எல்லாவற்றையும்விட முக்கியம், அடுத்தவர் கும்பிடுவதைப் பிசாசு என்றும் கல் என்றும் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்ல வந்த நல்ல செய்தி அந்த ஒரு சொல்லோடு அவர் காதில் ஏறாமல் போய்விடும்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் திருப்பதி போய்வந்தால் எல்லாருக்கும் லட்டு கொடுப்பார். நான் முஸ்லிம், படைத்ததைச் சாப்பிடுவதில்லை. மறுத்தால் மனம் நோகுமே என்று தயக்கமாக இருக்கிறது.
*— ஒரு வாசகி, வாணியம்பாடி*

அவரைத் தனியாகப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள்: “எங்களுக்குப் படைச்சதைச் சாப்பிடற வழக்கம் இல்லைங்க. நீங்க என்னையும் நினைச்சுக் கொண்டுவந்தது சந்தோஷம்.” எங்கள் வீட்டுப் பெரியவர்களிலும் இதே வழக்கம் உள்ளவர்கள் உண்டு. அது வெறுப்பால் வருவது இல்லை. லட்டு கொடுப்பவரும் “ஒரு விள்ளல் சாப்பிட்டா என்ன ஆகிடும்?” என்று கேட்கக் கூடாது.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. பக்கத்துத் தெரு டியூஷனில் மிஸ் தினமும் அவர்கள் மதத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறார். நன்றாகப் பாடம் நடத்துகிறவர். கேட்கவா, விடவா?
*— ஒரு தாய், கும்பகோணம்*

கேளுங்கள். அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளிகளிலேயே, பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு சிறு பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்று சாசனத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டு டியூஷனை அது நேராகக் கட்டுப்படுத்தாவிட்டாலும் நியாயம் ஒன்றுதான். பிள்ளை முன்னால் கேட்காதீர்கள், அவள் தன் மிஸ்மேல் வைத்திருக்கிற மரியாதை குறைய வேண்டாம். “மிஸ், பாடம் மட்டும் போதும், சாமி விஷயம் வீட்டுல நாங்க சொல்லிக்கொடுத்துக்கிறோம்” என்றால் நல்ல ஆசிரியை புரிந்துகொள்வார்.

நான் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் கடை திறந்ததும் முதலாளி எங்களையெல்லாம் உட்காரவைத்து அவர் குருவின் பேச்சை அரை மணி நேரம் போடுகிறார். வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்கிறார்.
*— பெயர், ஊர் வேண்டாம்*

சம்பளம் கொடுக்கிறவர் பெயரைக் குறித்துக்கொள்ளும்போது அது அழைப்பு ஆகாது, உத்தரவுதான். குருமேல் உங்கள் முதலாளிக்கு உண்மையான பக்தி இருக்கலாம். விருப்பமுள்ளவர்கள் கடை திறப்பதற்கு முன்னால் வரலாம் என்று சொல்லி, வராதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் அந்தப் பக்திக்கும் மரியாதை. வேலையைப் பணயம் வைத்துத் தனியாகச் சண்டை போடச் சொல்ல எனக்கு மனசு இல்லை. இதே எண்ணமுள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, மேனேஜர் வழியாக, “அந்த நேரத்துல நாங்க சரக்கு அடுக்கிடறோம்” என்று கேட்டுப் பாருங்கள்.

நான் பகுத்தறிவாளன். பக்கத்து வீட்டு நண்பர் மாலை போட்டிருக்கிறார். மூடநம்பிக்கையை எடுத்துச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன். உங்கள் விதிகள் எனக்கும் உண்டா?
*— ஒரு வாசகர், ஈரோடு*

உண்டு ஐயா. கடவுள் இல்லை என்பதும் ஒருவர் நெஞ்சில் வைத்திருக்கிற கொள்கைதான். அதைச் சொல்லும் உரிமையை யாரும் மறுக்கக் கூடாது. உங்கள் இயக்கத்தார் நடத்திய தெருமுனைக் கூட்டங்களைச் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். காரசாரமாகப் பேசுவார்கள். பிடித்தவர்கள் நின்றார்கள், பிடிக்காதவர்கள் நடையைக் கட்டினார்கள். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் இதைத்தான் அறிவிக்கிறான். சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுங்கள், பகைவரே எதிரில் இருந்தாலும் சினமும் கலகமும் செய்யாமல் விலகுங்கள் என்கிறான். வாதம் செய்ய அன்றைக்கே பூம்புகார் நகரில் தனி இடம் இருந்திருக்கிறது.

உங்கள் நண்பர் 41 நாள் விரதத்தில் இருக்கிறார். காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வருகிறவரை வாசலில் நிறுத்தி விவாதம் வேண்டாம். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றட்டும். அப்புறம், இதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் விடிய விடியப் பேசுங்கள். அவர் சபரிமலையில் என்ன கண்டார் என்பதையும் பாதியில் வெட்டாமல் கேளுங்கள்.