தக்காளிப் பூ உதிர்வது பற்றி

வணக்கம். ஆனேக்கல் பக்கம் போட்ட தக்காளியில் ஏப்ரல் வெயிலில் பூவெல்லாம் உதிர்கிறது, பூச்சி எதுவும் தென்படவில்லை, மருந்தடித்தும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருந்தை நிறுத்துங்கள், இது சூட்டினால்தான். பகலில் 35 டிகிரியை ஒட்டி, ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வீணாகிவிடும். உதிர்ந்த பூவை எடுத்துப் பாருங்கள்: காம்பின் நடுவிலுள்ள கணுவில் சுத்தமாகக் கழன்றிருக்கும்.

ஹொசகோட்டையில் எங்கள் தோட்டத்தில் அம்மா விடியற்காலையிலேயே தண்ணீர் விட்டு, வேரைச் சுற்றி ராகித் தாளை நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுவார். மதியம் அதை விலக்கித் தொட்டால் மண் சில்லென்று இருக்கும். யூரியா வேண்டாம், இலைதான் கொழுக்கும். அப்புறம், காலை ஒன்பது மணி வாக்கில் ஊன்றுகுச்சியை லேசாகத் தட்டிவிடுங்கள், மகரந்தம் சேரும். செடியை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். மே மாத மழையில் சூடு தணிந்ததும் புதுக்கொத்து பிடிக்கும்.