பள்ளி இறுதியாண்டின் பிப்ரவரியில் கல்லூரி அணி தேடும் ஓட்டக்காரர்கள்: கேள்வி பதில்

அமெரிக்கப் பள்ளிகளில் நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சியாளராக இருந்தவன் என்ற முறையில், பொறியியல் படிக்க விரும்பும் மாணவர்களின் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை விடையளிக்கிறேன். அங்கே கல்லூரி அணிகள் டிவிஷன் 1, 2, 3 என மூன்று நிலைகளில் போட்டியிடுகின்றன, 1 என்பது உச்ச நிலை.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாயார்: ஐயா, கால் எலும்பில் விரிசல் ஏற்பட்டதால் என் மகன் பதினோராம் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் ஓடவில்லை. இப்போது 3200 மீட்டரை 9 நிமிடம் 38 நொடியில் ஓடுகிறான். இயந்திரப் பொறியியல் படிக்க விரும்புகிறான். காலம் கடந்துவிட்டதா?

பதில்: பெரிய டிவிஷன் 1 அணிகளைப் பொறுத்தவரை ஏறத்தாழக் கடந்துவிட்டது, மற்றவற்றுக்கு இல்லை. அவர் ஏற்கெனவே விண்ணப்பித்துள்ள கல்லூரிகளின் பட்டியலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் டபிள்யூ.பி.ஐ., ஆர்.பி.ஐ., ரோஸ்-ஹல்மன் போன்ற டிவிஷன் 3 கல்லூரி ஏதேனும் இருந்தால், அதன் பயிற்சியாளருக்கு இன்றே உங்கள் மகனே எழுத வேண்டும். நீங்கள் எழுதக் கூடாது. ஓடிய நேரங்கள், அவற்றை ஓடிய போட்டியும் நாளும், மதிப்பெண்கள், காயத்தால் இழந்த பருவம் ஆகியவை பத்து வரிக்குள் அடங்கட்டும். காயத்தை மறைக்க வேண்டாம். ஒரு பருவத்தை இழந்தும் இந்த நேரத்தை எட்டியவர் இன்னும் முன்னேறுவார் என்பதைப் பயிற்சியாளர்கள் தாமாகவே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

விண்ணப்பிக்காத கல்லூரிகளில், இடமுள்ளவரை விண்ணப்பங்களைப் பெற்றுக்கொண்டே இருப்பவற்றைப் பாருங்கள். மிச்சிகன் டெக், சவுத் டகோட்டா மைன்ஸ் ஆகிய இரண்டும் பொறியியலுக்குப் பெயர்பெற்றவை. இரண்டுக்கும் டிவிஷன் 2 அணிகள் உண்டு. மே 1-க்குப் பிறகும் இடம் மீந்திருக்கும் கல்லூரிகளின் பட்டியல் ஆண்டுதோறும் வெளியாகிறது, அதையும் பாருங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பயிற்சியாளரின் இனிய சொல் சேர்க்கை ஆணை அன்று.

ஒஹாயோவிலிருந்து ஒருவர்: ஓட்டத்துக்கு எவ்வளவு உதவித்தொகை கிடைக்கும்?

பதில்: டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென ஒரு டாலரும் கிடையாது, குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்ணையும் பொறுத்த உதவி மட்டுமே உண்டு. டிவிஷன் 1-இல் நெடுங்காலமாக ஆண்கள் தடகளம், கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளியில் ஓடும் நெடுந்தொலைவுப் போட்டி) இரண்டுக்கும் சேர்த்தே ஓர் அணிக்கு 12.6 முழு உதவித்தொகைகள்தாம் இருந்தன. அவற்றையும் பலருக்குப் பங்கிட்டார்கள். கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பின், அதில் இணைந்த கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு நீங்கி, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டது: கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர், தடகளத்துக்கு 45 பேர். முன்பு உதவித்தொகையின்றி ‘வாக்-ஆன்’ ஆகச் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் மலர்ந்த பிள்ளைகளுக்கு இதனால் வாசல் குறுகிவிட்டது.

இல்லினாயிலிருந்து ஒருவர்: கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சியாளர்களிடம் அறிமுகம் செய்துவைக்கும் நிறுவனத்தில் சேரலாமா?

பதில்: வேண்டாம். ஓட்டத்தில் கடிகாரமே அறிமுகம்.

டெக்சஸிலிருந்து ஒரு தந்தை: நீங்கள் டிவிஷன் 3-ஐயே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். அது ஆறுதல் பரிசுதானே? என் மகன் டிவிஷன் 1-க்கே போவான்.

பதில்: எம்.ஐ.டி. டிவிஷன் 3-இல்தான் ஓடுகிறது. 2022-இல் அதன் ஆண்கள் அணி தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டத்தை வென்றது. அங்கு மாலை 5 முதல் 7 மணிவரை இளநிலை வகுப்புகள் வைப்பதில்லை என்ற வழக்கம் உண்டு. பயிற்சிக்கும் ஆய்வகத்துக்கும் அந்த நேரத்தில் மோதல் வராது. இந்த ஏற்பாட்டுக்கு ஈடாக எந்தச் சீருடையை வைப்பீர்கள்?

அதே தந்தை: எம்.ஐ.டி. விதிவிலக்கு. பர்டூ, ஜார்ஜியா டெக் போன்றவற்றில் டிவிஷன் 1-இல் ஓடிக்கொண்டே பொறியியல் படிக்கிறார்களே?

பதில்: படிக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் பதினோராம் வகுப்பிலேயே பேசி முடித்தவர்கள். நாம் பேசுவது பிப்ரவரியில் எழுதத் தொடங்குபவரைப் பற்றி. மேலும், டிவிஷன் 1-இல் கடைசி ஆளாகச் சேர்பவர் வெளியூர்ப் போட்டிக்கு அழைக்கப்படாமலேயே ஆண்டைக் கழிக்கலாம். டிவிஷன் 3-இல் அவரே அணிக்காகப் போட்டியில் இறங்கும் முதல் ஏழுபேரில் ஒருவராக ஓடலாம். நடுவழியும் உண்டு: பொறியியலையே உயிர்மூச்சாகக் கொண்ட கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் டிவிஷன் 2-இல் 2015-இல் ஆண்கள் கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்றது.

ஜார்ஜியாவிலிருந்து ஒருவர்: டிவிஷன் 3-இல் உதவித்தொகை உண்டா?

பதில்: ஒஹாயோ அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மிச்சிகனிலிருந்து ஒருவர்: எங்கள் மகளுக்குப் பயிற்சியாளர் ‘நிச்சயம் இடமுண்டு’ என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். இனி மற்ற விண்ணப்பங்கள் தேவையில்லை அல்லவா?

பதில்: தேவை. ஏன் என்பதை நியூ ஜெர்சித் தாயாருக்கே சொல்லிவிட்டேன்.

கலிபோர்னியாவிலிருந்து ஒரு தந்தை: மகளின் நேரங்கள் போதவில்லை, யு.சி. (கலிபோர்னியப் பல்கலைக்கழக) விண்ணப்பத்தையும் தவறவிட்டோம்.

பதில்: உங்களுக்குத்தான் நல்ல வழி இருக்கிறது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் கிராஸ் கன்ட்ரி அணிகள் உள்ளன. ஈராண்டு அங்கே ஓடி, கால்குலஸையும் இயற்பியலையும் முறையாக முடித்துவிட்டு யு.சி.க்கு மாறலாம். டேவிஸ், இர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்கள் உறுதிசெய்யப்பட்ட இடமாற்றத் திட்டத்தில் உள்ளன. பொறியியல் பிரிவுகள் சிலவற்றுக்கு அது பொருந்தாது என்பதால், முதல் பருவத்திலேயே ஆலோசகரைக் கேளுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு மாணவர்: மாணவர் விசாவில் வருபவர் விளம்பர வருமானம் பெறலாமா?

பதில்: இது என் துறை அன்று. கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்டபின்பே எதிலும் கையொப்பமிடுங்கள்.

டெக்சஸ் தந்தை மீண்டும்: சரி, டிவிஷன் 3 பயிற்சியாளரிடம் பேசுவதானால் மகன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: மூன்று கேள்விகள் போதும். அணியில் இப்போது எத்தனை பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். பிற்பகல் ஆய்வகம் இருக்கும் நாளில் அவர்கள் எப்போது பயிற்சி செய்கிறார்கள். முதலாண்டில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் நான்காம் ஆண்டிலும் ஓடுகிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பயிற்சியாளர் தயங்கினால், அணி மாணவர் ஒருவரிடம் தனியே பேச அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.